இரண்டு முனையிலும் பெயர்

"கையை எடுங்க முதல்ல… அது என் கேபிள்!"

"உங்க கேபிளா? எதுலங்க எழுதியிருக்கு? இவ்வளவு நேரம் என் காலடியிலதான் கிடந்துச்சு…"

"காலடியில கிடந்தா உங்களுதாயிடுமா? நீங்க எதையோ செருகினதும்தான் ஸ்கிரீன் எல்லாம் நின்னுபோச்சு."

"நான் செருகினதுக்கு அப்புறமா, நீங்க செருகினதுக்கு அப்புறமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க!"

"யோசிக்கறதுக்கு என்னா இருக்குது? நான் என் முனையைச் செருகினேன்…"

"நானும் என் முனையைத்தாங்க செருகினேன்!"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறீங்களா?"

மூன்றாவது குரல் பூபதி சாருடையது. ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் ஞாயிறுதோறும் நெட்வொர்க்கிங் வகுப்பு எடுக்கிறவர். படிக்க வருகிறவர்கள் யாரும் காலேஜ் பிள்ளைகள் இல்லை. வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்துவிட்டு, கண் எரிச்சலோடு வந்து உட்காருகிற கம்பெனி ஆட்கள். மெஷின்கள் எல்லாம் இப்போது ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டன. அந்தப் பேச்சு புரியாதவனுக்கு இனி வேலை இல்லை என்று மேலே இருப்பவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் வருகிறார்கள்.

மேசை நடுவே இருந்தது அந்தக் கறுப்புப் பெட்டி. சுவிட்ச் என்பார்கள். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. எல்லா கம்ப்யூட்டரின் வயரும் வந்து சேருகிற பெட்டி. அதன் பச்சை விளக்குகள் அத்தனையும் ஒரே சமயத்தில் வெறி பிடித்தாற்போலத் துடித்துக்கொண்டிருந்தன.

பூபதி சார் குனிந்தார். மேசைக்கு அடியிலிருந்து நீலக் கேபிள் ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்தார். ஒரு பக்கம் போய், பெட்டியில் அவள் கை வைத்திருந்த துளையில் முடிந்தது. மறுபக்கம் போய், அவன் கை வைத்திருந்த துளையில் முடிந்தது.

"பாத்துக்குங்க எல்லாரும். ஒரே கேபிள். ஒரு முனையை இந்தம்மா செருகியிருக்கு, இன்னொரு முனையை இந்தத் தம்பி. ரெண்டும் ஒரே பெட்டியில. இப்ப ஒருத்தன் 'யாருப்பா அங்க'ன்னு கூப்பிட்டான்னு வைங்க, அந்தக் குரல் இப்படிப் போயி அப்படித் திரும்பி வந்து மறுபடி போயி… நிக்கவே நிக்காது. அந்தக் கூச்சல்ல மத்தவன் பேசறது ஒண்ணும் கேக்காது. இதை உங்க கம்பெனியில பண்ணுங்க, மொத்த லைனும் நிக்கும். அப்புறம் உங்களைக் கேட்டுக்கு வெளிய நிறுத்துவாங்க."

வெடுக்கென்று பிடுங்கினார். விளக்குகள் அடங்கின. வகுப்பு முழுக்கச் சிரித்தது.

அவள் வெட்கத்தோடு தலையை நிமிர்த்தினாள். அவனும் அப்போதுதான் நிமிர்ந்தான்…

ஜன்னலுக்கு வெளியே மழை பிடித்துக்கொண்டது. அந்த மழை வெளிச்சத்தில் அவன் கண்களைப் பார்த்தாள். கோபம் பாதி, சிரிப்பு பாதி… எது முந்திக்கொள்வது என்று தெரியாமல் தவிக்கிற கண்கள். 'இந்த ஆள்கிட்டயா இவ்வளவு கத்தினேன்?' என்று நினைத்தாள். நினைத்ததும் இன்னும் கோபம் வந்தது. தன் மேலேயே.

"தண்டனை உண்டு," என்றார் பூபதி சார். "இந்த லேப்ல இருக்கற அத்தனை கேபிளுக்கும் ரெண்டு பேரும் உக்காந்து லேபிள் ஒட்டணும். ரெண்டு முனையிலயும் ஒரே பேரு. ஒரு முனையில ஒட்டிட்டு இன்னொரு முனையை விட்டா, ஒட்டாததைவிட மோசம். பேரை நம்பி ஒருத்தன் இழுப்பான். அறுந்துபோறது வேற எவனோ லைனா இருக்கும்."

*

"பேரு சொல்லுங்க, எழுதறேன்."

"கேபிளுக்கா, எனக்கா?"

"உங்க டேபிள் கேபிள்ல உங்க பேருதானே? சொல்லுங்க…"

"மாதேஸ்வரி."

"அம்மாடி! இத்துனூண்டு லேபிள்ல இவ்வளவு நீளத்தை எங்கங்க கொண்டு போயி வைக்கறது? 'மாது'ன்னு போட்டுடட்டுமா?"

"எழுத்தை வேணும்னா சின்னதாக்குங்க. பேரைச் சின்னதாக்காதீங்க."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அரிசியில் எழுதுகிறவன் மாதிரி, முழுப் பெயரையும் எழுதி முடித்தான்.

"போதுமாங்க?"

"இன்னொரு முனை?"

"விடமாட்டீங்களே…"

அவன் பெயர் ஹரீஷ்குமார். பெங்களூரில் படித்தவன். ஓசூரில் ஒரு மோட்டார் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் பிரிவு. அவள் பர்கூர் கவர்மென்ட் இன்ஜினியரிங் காலேஜில் எலக்ட்ரிக்கல் முடித்தவள். சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனியொன்றில் மெயின்டனன்ஸ் வேலை, கான்ட்ராக்டில். இந்தப் பரீட்சையில் தேறினால் கன்ட்ரோல் ரூமில் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மத்திகிரியில் ஒற்றை அறை வாடகை வீடு. அம்மா செல்லிக்குக் கால்நடைப் பண்ணையில் கொட்டகை கழுவும் வேலை.

ஞாயிற்றுக்கிழமைகள் போயின. வகுப்பு முடிந்தால் கீழே பேக்கரியில் டீ. மழை வந்தால் இன்னொரு டீ. மழை வராவிட்டாலும் "வரும் போல இருக்குதுங்க" என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு டீ.

ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றை "இருக்கியா?" என்று கூப்பிட்டுப் பார்ப்பதற்குப் 'பிங்' என்று பெயர். பூபதி சார் அதைச் சொல்லிக்கொடுத்த வாரத்திலிருந்து அவள் போனில் ஒரு பழக்கம் முளைத்தது.

"பிங்."

கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டு உதட்டைக் கடித்தபடி அடிப்பாள்.

"இருக்கேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் இரண்டு பேரும் ஒன்றும் எழுதியதில்லை. ஆனால் அன்றைய சாம்பார் சாதத்தில் உப்பு இல்லாதது அவளுக்குத் தெரியாமலே போய்விடும்…

*

"ஒரே பெட்டிதான், சரியா?" பூபதி சார் அன்று பலகையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். "பக்கத்துப் பக்கத்துலதான் செருகியிருக்கு. ஆனா இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கறவங்க பேசறது அந்தப் பக்கம் கேக்காது. அங்க ஒருத்தர் இருக்காருன்னே இவங்களுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியற சுவரு ஒண்ணும் கிடையாது. உள்ளுக்குள்ள எழுதி வெச்சிருக்கும்."

"இது எங்கம்மா ஊருதான் சார்!"

மாதேஸ்வரி விளையாட்டாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பூபதி சாரும் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக்கூடாதோ என்பது போலப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹரீஷ் மட்டும் சிரிக்கவில்லை.

படி இறங்கும்போது கேட்டான்.

"உங்கம்மாவுக்கு எந்த ஊருங்க?"

"தேன்கனிக்கோட்டை பக்கம்." ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

அவன் இரண்டு படி இறங்கி நின்றான்.

"எங்க ஊரும் அதாங்க."

"அட! எந்தப் பக்கம்?"

"…ரோட்டுப் பக்கம். பெரிய மோட்டார் ரூம் இருக்கும்ல, அதைத் தாண்டி."

"முனிவேலு தோட்டமா?" அவள் குரல் தானாக இறங்கியது. "அது உங்க வீடா?"

"அப்பாதான்."

"எங்கம்மா அங்கதான் தக்காளி பறிச்சாங்க. நான் வயித்துல இருந்தப்பகூட. நாங்க ஓடைக்கு அந்தப் பக்கம்."

மழை பேக்கரித் தகரத்தில் சடசடவென்று இறங்கியது. வடை எண்ணெயின் வாசனை. உள்ளே யாரோ கன்னடத்தில் டீ மாஸ்டரை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அதனால என்னங்க?" என்றான் ஹரீஷ்.

"என்னன்னு நீங்கதான் சொல்லணும்."

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது மாதேஸ்வரி. சத்தியமா."

முழுப் பெயரையும் சொன்னான். நம்பினாள். 'நம்பாம இருக்க முடியலை… இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு ஒரு மனுசன் பொய் பேச முடியுமா?'

அடுத்த வாரம் அவனே வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"கோபப்படாதீங்க… உங்க நம்பரை எங்க வீட்டுல குடுத்திருக்கேன். போன வாரம் ராகிக் காட்டுல யானை இறங்கிடுச்சு. என் போன் சார்ஜ் இல்லாம செத்துப்போயிருந்துச்சு. அப்பா ஒரே சத்தம். 'கூடப் படிக்கிறவங்க நம்பரு ஒண்ணாச்சும் குடுடா'ன்னாரு. எனக்கு வேற யாரு நம்பரும் மனப்பாடமா தெரியாது…"

"என்னுது மட்டும் தெரியுமா?"

"அது தெரியும்."

அன்று டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சிரிப்பை அடக்கத் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டாள். அவன் வீட்டில் தன் நம்பர்! ரோட்டுப் பக்கத்து வீட்டில்… மோட்டார் ரூம் தாண்டி… அப்படியானால் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். பெயர் சொல்லித்தானே கொடுத்திருப்பான்?

"அவங்க வீட்டுல என் நம்பரு இருக்குதும்மா," என்றாள் வீட்டுக்குள் நுழையும்போதே.

செல்லி சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். "எவங்க வீட்டுல?"

சொன்னாள்.

செல்லி பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடித்தாள்.

"நம்பருதானே? முதல்ல ஆளை உள்ள கூப்பிடட்டும். அப்பறம் சிரி."

"உனக்கு எப்பவும் இதே பேச்சு! காலம் மாறிப்போச்சும்மா."

"மாறட்டும் கண்ணு. வேணாம்னா சொல்றேன்? நான் அந்த வீட்டு முன்வாசலைப் பாத்ததே இல்ல. நீயாச்சும் பாத்துட்டு வந்து சொல்லு."

*

மாதிரிப் பரீட்சை அன்று. மாதேஸ்வரி எல்லோருக்கும் முன்பே முடித்துவிட்டாள். கடைசிக் கேபிளைச் செருகி, எல்லாம் பேசுகிறதா என்று பார்த்து, பூபதி சாரிடம் தலையசைப்பு வாங்கிக்கொண்டு வெளியே மாடிப்படிக்கு வந்தாள். உள்ளே ஹரீஷ் இன்னும் குனிந்து எதையோ இணைத்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அலோ… சந்தோசு தம்பிங்களா?"

"யாரு வேணுங்க?"

"சந்தோசும்மா. எங்க ஹரீசு கூடக் கம்ப்யூட்டரு கிளாசு படிக்கிற பையன். இந்த நம்பருதானே குடுத்தான்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிறகு காது சுட்டது.

"அலோ? நீ யாரும்மா பேசறது… தங்கச்சியா?"

சொல்லிவிடலாம். 'சந்தோஷ்னு யாரும் இல்லைங்க. இது என் நம்பர். என் பேரு மாதேஸ்வரி.' மூன்று வாக்கியம். நாக்கு நுனி வரை வந்தது… கதவுக் கண்ணாடி வழியாக அவன் முதுகு தெரிந்தது. இப்போது சொன்னால் அந்த முதுகு என்ன ஆகும்?

"…ஆமாங்க. தங்கச்சி."

"நல்லதாப் போச்சு. நான் ஹரீசோட அப்பன் முனிவேலு பேசறன். அவன் போனை அணைச்சுப்போட்டு உக்காந்திருக்கான். இங்க பாகலூர்ல இருந்து பொண்ணு வூட்டுக்காரங்க வந்து கூடத்துல உக்காந்திருக்காங்க. மாப்பிள்ளை எங்க, மாப்பிள்ளை எங்கன்னு கேக்கறாங்க. அண்ணன்கிட்ட சொல்லி அவனை உடனே வண்டி எடுக்கச் சொல்லு கண்ணு."

"சொல்றேங்க."

"பேச்சே எவ்வளவு மரியாதையா இருக்குது! நல்ல குடும்பத்துப் புள்ளைங்கன்னு தெரியுது. எந்த ஊரும்மா நீங்க?"

"மத்திகிரிங்க."

"அங்க எல்லாம் குடிவந்தவங்கதானே. சொந்த ஊரு?"

ஓடை நினைவுக்கு வந்தது. அவள் பார்த்தேயிராத தக்காளித் தோட்டமும், நிறைமாத வயிற்றோடு குனிந்து நிற்கிற அம்மாவும்.

"பர்கூருங்க."

"அப்படியா, சரி சரி. ஒருநாள் அண்ணனோட நம்ம வீட்டுக்கு வாங்கம்மா. கூச்சப்படாதீங்க. கூட உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போகலாம். ரேவதின்னு எனக்கும் உன்னாட்டம் ஒரு பொண்ணு இருக்குது…"

வைத்துவிட்டார்.

சந்தோஷின் தங்கைக்கு அந்த வீட்டில் இலை போட்டாயிற்று. அப்படி ஒருத்தி இந்த உலகத்திலேயே கிடையாது. இருந்தும் அவளுக்கு அங்கே இடம் இருக்கிறது. செல்லியின் மகள் இதோ உயிரோடு, மூச்சு விட்டுக்கொண்டு மாடிப்படியில் நிற்கிறாள்…

*

"முடிச்சிட்டேன்!" கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் ஹரீஷ். கையில் எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தான். கண்ணெல்லாம் சிரிப்பு. "நீங்க எனக்கு முன்னாடியே ஓடி வந்துட்டீங்க… என்ன, முகம் இப்படி இருக்கு? ஏதாச்சும் தப்பாயிடுச்சா?"

"உங்க அப்பா போன் பண்ணாரு."

சிரிப்பு போகவில்லை. எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"எதுக்கு… யானையா?"

"யானை இல்ல. பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருக்காங்களாம். மாப்பிள்ளையைக் காணோம்னு தேடறாங்க."

"மாதேஸ்வரி… அதைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு இஷ்டம் இல்லைன்னு காட்டத்தான் போனை ஆஃப் பண்ணிட்டுக் கிளம்பி வந்தேன்."

"யாருக்குக் காட்டினீங்க? அணைஞ்ச போனைப் பாத்தா சார்ஜ் இல்லைன்னு நினைப்பாங்க. இஷ்டம் இல்லைன்னா நினைப்பாங்க?"

"கேளுங்க மாதேஸ்வரி—"

"மாதேஸ்வரியா? அது யாருங்க? நான் சந்தோஷ் தங்கச்சி."

அவன் சுவரில் சாய்ந்தான்.

"வேற வழி தெரியலை. பொண்ணு பேரைச் சொன்னா யாரு, என்ன, எந்த ஊருன்னு ஆயிரம் கேள்வி வரும். உங்கம்மா பேரைச் சொன்னா அவருக்குத் தெரிஞ்சிடும். நேரம் பாத்துச் சொல்லலாம்னுதான்…"

"எப்ப வரும் அந்த நேரம்?"

"ரேவதிக்கு ஒரு இடம் அமையட்டும். அவ கல்யாணம் முடிஞ்சா—"

"அப்புறம் அவளுக்குக் கொழந்த பொறக்கட்டும். அதுக்குக் காது குத்தட்டும்."

"கிண்டல் பண்ணாதீங்க…"

"கிண்டலா? நானும்தான் தப்புப் பண்ணியிருக்கேன், கேட்டுக்குங்க. ஆமாங்க தங்கச்சிதான்னு சொன்னேன். எங்கம்மா ஊரை மறைச்சு, படிச்ச ஊரைச் சொந்த ஊருன்னு சொன்னேன். உங்களைக் காப்பாத்த என் பேரை என் வாயாலேயே அழிச்சேன். உங்க அப்பா எனக்குச் சாப்பாடு போடறேன்னு கூப்பிட்டாரு தெரியுமா? எவ்வளவு பாசமா கூப்பிட்டாரு… எங்கம்மா அத்தனை வருசம் அங்க குனிஞ்சாங்க. ஒரு நாளும் அப்படி ஒரு குரல் அவங்களைக் கூப்பிட்டதில்ல."

மழை வந்துவிட்டது. முதல் நாள் பெய்த அதே சாய்வான மழை, பாகலூர் ரோட்டின் லாரிகளை எல்லாம் மங்கலாக்கிக்கொண்டு. படியோரம் சாரல் அடித்தது. அவள் நகரவில்லை.

அவன் பின்னாலிருந்த கையை முன்னே கொண்டுவந்தான். சுருட்டிக் கட்டிய நீலக் கேபிள். அந்த முதல் நாள் கேபிள்.

"சார்கிட்டக் கேட்டு வாங்கினேன்… இன்னைக்குச் சொல்லிடணும்னு வந்தேன். காலையில கிளம்பறப்பவே முடிவு பண்ணிட்டேன்." அவள் முன் நீட்டினான். "எனக்கு உன்னை ரொம்பப் புடிச்சிருக்கு மாதேஸ்வரி. கட்டிக்கிட்டா உன்னைத்தான். வேற யாரும் வேணாம். இதுல பாரு… ரெண்டு முனையிலயும் உன் பேருதான்."

'நீ' என்று சொல்லிவிட்டான். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு எழுத்துக்காகக் காத்திருந்தாள்! கேன்டீன் வரிசையில், டவுன் பஸ்ஸில், பாதித் தூக்கத்தில்… எப்படிச் சொல்வான், அப்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று எத்தனை முறை ஒத்திகை பார்த்திருப்பாள். வந்தது. வருகிற வழியெல்லாம் கசந்துபோய் வந்தது.

கேபிளை வாங்கினாள். ஒரு முனையைப் பார்த்தாள். மறு முனையைப் பார்த்தாள். அதே குட்டி எழுத்து. ஒரு எழுத்துக்கூட விட்டுவிடாமல். கண் நிறைந்துவிட்டது. பொய் இல்லை, இந்த மனுஷனின் ஆசையில் பொய் இல்லை… அதுதானே வலிக்கிறது.

"நல்லா எழுதறீங்க," என்றாள். "கதவைச் சாத்திக்கிட்டா நல்லா எழுதறீங்க."

"மாதேஸ்வரி… கொஞ்ச நாள் குடு. நான் சொல்லிடுவேன். கண்டிப்பா சொல்லுவேன்."

அவள் கையில் போன் அதிர்ந்தது. அதே நம்பர். இரண்டு பேரும் குனிந்து அதையே பார்த்தார்கள். பாகலூர்க்காரர்கள் இன்னும் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் போலும்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் அவளைப் பார்த்தான். எடுத்துப் பேசு, இன்னும் ஒரே ஒரு முறை தங்கச்சியாக இருந்துவிடு, என்று கெஞ்சுகிற பார்வை. அவளுக்குத் தெரிந்த அதே கண்கள்தான். இன்று கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. வெறும் பயம்.

மாதேஸ்வரி கேபிளைச் சுவரோரம் வைத்தாள். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, போனை அவன் முன் நீட்டினாள்.

"எடுங்க… உங்க அப்பாதான். இது யாரு போனுன்னு இந்தத் தடவை நீங்களே சொல்லுங்க. என்ன பேரு சொல்லப் போறீங்க?"